நீ கேட்ட தகடு

மகனே,

போனில் நீ என்னை ஒரு நாளும் முழுதாகப் பேச விட்டதில்லை. "சிக்னல் போகுதும்மா", "எஞ்சின் ரூம்ல கூப்புடுதாங்கம்மா", "சுருக்கமாச் சொல்லும்மா" என்று ஏதாவது ஒன்று எப்படியும் வந்துவிடும். சரி, வேலையில் இருக்கிற பிள்ளை என்று நானும் வாயை மூடிக்கொள்வேன். இந்தத் தடவை அப்படி மூடிக்கொள்ள முடியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கப்பல் கொழும்புக்கு வரும்போது அங்கே இருக்கும் ஏஜென்ட் இதை உன் கையில் சேர்த்துவிடுவார். துறைமுகத்தில் நான் வேலை பார்த்த பழைய ஷிப்பிங் ஆபீஸ் சிநேகிதம் இதற்காவது உதவட்டும். இப்போது மத்தியானம், கரண்ட் போய் வெகுநேரம் ஆகிறது, ஒரு கையில் விசிறி, ஒரு கையில் பேனா. எழுத்து கோணிக்கொண்டு போனால் அதுதான் காரணம், வயசு என்று நினைத்துக்கொள்ளாதே. வயசும்தான்.

ஷெட்டில் கிடக்கும் உன் அப்பாவின் வண்டியை விற்கப் போகிறாய். அதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் போன பிறகு அந்த வண்டிக்குத் தார்ப்பாய் மாற்றியதும், அதற்குள் குடித்தனம் நடத்திய எலிகளோடு மல்லுக்கட்டியதும், பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் "ஓடாது, சும்மாதான் நிக்கி" என்று பதில் சொன்னதும் நான்தான். எனக்கு அலுத்துவிட்டது. தை மாதம் உனக்குக் கல்யாணம், சென்னையில் வீடு பார்க்கிறாய், கையில் காசு வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இந்த மாதிரிப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பிரித்து, பழுது பார்த்து, பிறந்த மேனிக்குக் கொண்டுவருகிறவர் என்றாய். வண்டியில் ஒட்டியிருக்கிற, அடித்திருக்கிற தகடு, லேபிள் எல்லாவற்றையும் அவர் படமெடுத்து அனுப்பச் சொன்னார் என்றாய். எல்லாம் பிறந்தபோது இருந்தபடியே இருந்தால் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்வார், இல்லாவிட்டால் வெறும் பழைய இரும்பு. இவ்வளவும் எனக்குப் புரிந்தது, நீ நினைக்கிற அளவுக்கு நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். உப்பளத்து முதலாளி ஒருவர் வீட்டில் அது சீண்டுவாரில்லாமல் கிடந்தது. ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த உன் அப்பா, போய்ப் போய்ப் பார்த்து, ஒருநாள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே வந்துவிட்டார். கூரை கிடையாது, இரண்டு பேருக்கு மேல் உட்கார இடம் கிடையாது. அதில் மூன்று பேர் குடும்பம் நடத்தலாம் என்று முடிவெடுத்த மனிதர் அவர். சாத்தான்குளத்துக்கு, என் பிறந்த வீட்டுக்கு, அதில்தான் போவோம். நீ என் மடியில் இருப்பாய், உன் தலைமுடியெல்லாம் உப்புக்காற்றில் விறைத்து நிற்கும். என் அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "மச்சான், கூரைய எங்க வச்சிட்டு வந்தீய?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பான். போகும்போது ஓடிய வண்டி வரும்போது ஓடாது. பழையகாயல் பக்கம் நின்றுவிட்டது, உப்பு லாரிக்காரன் ஒருவன் இரக்கப்பட்டுக் கட்டி இழுத்து வந்தான், ஞாபகம் இருக்கிறதா? நான் வழி முழுதும் உன் அப்பாவைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தானே ஓட்டுவது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருக்குக் கூச்சமே கிடையாது.

நீ போனில் சொன்னபடி நான் தேடினேன். காலையில் கஞ்சி குடித்துவிட்டு, ஷெட்டுக் கதவைத் திறந்து வைத்து, பழைய நைட்டியும் தலையில் துண்டுமாக இறங்கினேன். எஞ்சின் நம்பர் தகடு எஞ்சினின் பக்கவாட்டிலேயே இருந்தது, ஆனால் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அடை போல மூடியிருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்க்கத் தேய்க்க எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. டயருக்கு எவ்வளவு காற்றடிக்க வேண்டும் என்று எழுதிய சின்ன லேபிள், சாமான் வைக்கும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் இருந்தது. அதில் பாதியை எலி தின்றிருந்தது, மீதிப் பாதியைப் படமெடுத்தேன். பேட்டரிப் பக்கம் எச்சரிக்கை லேபிள் ஒன்று, சீட்டுக்கு அடியில் தைத்த துணி லேபிள் ஒன்று. வண்டியின் பாடி நம்பர் அடித்த சின்னத் துண்டுத் தகடு கதவுக் கீலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கையைவிட்டுத் தடவித்தான் அதைக் கண்டுபிடித்தேன். உன் அப்பா இருந்திருந்தால் அரை நிமிஷத்தில் காட்டியிருப்பார், காட்டிவிட்டு அரை மணி நேரம் பெருமை அடித்திருப்பார்.

சேஸிஸில் குத்திய நம்பர்தான் படுத்திவிட்டது. முன்பக்கம், இடது சக்கரத்துக்குப் பக்கத்தில், இரும்பின் மேலேயே குத்தியிருக்கும் என்று நீ சொன்னாய். சாக்கை விரித்து, முழங்கால் முனகுவதைக் கேட்டுக்கொண்டு, வண்டிக்கு அடியில் தலையைவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒரே நீலம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா? மாதா திருவிழாவுக்கு முன்னால் சித்தப்பா வள்ளத்துக்குப் பெயின்ட் அடிப்பான், மிச்சம் இருக்கிற டப்பா நம் வீட்டுக்கு வரும். கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி மூடி, கடைசியில் வண்டியின் அடிவயிறு வரை அந்தப் பெயின்டைப் பூசிவிடுவார் உன் அப்பா. உப்புக்காற்று தின்றுவிடக் கூடாதாம். ஒரு வருஷம் நீலம், ஒரு வருஷம் பச்சை, அதற்கு மேல் மறுபடி நீலம். உலகத்தில் வேறு எங்கேயும் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு மீன்பிடி வள்ளத்தின் பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தின்னர் ஊற்றி, உப்புத்தாள் போட்டு, ஆபீசில் கற்ற வேலையைச் செய்தேன். கன்டெய்னர் தகட்டில் குத்திய நம்பர் மங்கிப்போனால் அதன் மேல் சாக்பீஸைத் தேய்த்து லேசாகத் துடைப்போம், பள்ளத்தில் வெள்ளை நின்றுவிடும். இங்கேயும் நின்றது. ஆர்.சி. புக்கை எடுத்து வந்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன், அச்சாக அதே நம்பர். எனக்கே சந்தோஷமாக இருந்தது, தரையில் அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். எழுந்திருக்க முடியாததும் ஒரு காரணம்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான், ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்றாய். எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கிற இரும்புச் சுவரில், கம்பெனியே அடித்து அனுப்பிய பெரிய தகடு. பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டுப் பார்த்தேன். சுவரின் நடுவில் பெயின்டுக்கு அடியில் ஏதோ சதுரமாகத் துருத்திக்கொண்டு இருந்தது, நான்கு மூலையிலும் ரிவெட். கிடைத்துவிட்டது என்று மாதாவுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தேன். நீலம் போய்ப் பச்சை வந்தது, பச்சை போய் மறுபடி நீலம், அதற்குக் கீழே தகடு. ஆனால் அதில் வண்டிக் கம்பெனியின் பெயர் இல்லை. கையால் குத்திய எழுத்தில் ஒரு வள்ளத்தின் பதிவு நம்பர் இருந்தது. என்ன இது என்று எனக்கு விளங்கவே இல்லை. உன் அப்பா விளையாட்டுப் பிள்ளைதான், ஆனால் இரும்பு விஷயத்தில் விளையாட மாட்டார்.

யாரிடம் கேட்பது? கில்பர்ட் சித்தப்பாவை விட்டால் ஆள் இல்லை. ஆட்டோ பிடித்துத் திரேஸ்புரம் போனேன். மத்தியானச் சந்தை கலைந்திருந்தது. சித்தப்பா வள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, மகனோடு சேர்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தான். போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவன் போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு தூரத்தில் வைத்து, வெகுநேரம் பார்த்தான். "அண்ணன் ஒங்ககிட்ட சொல்லலியா மைனி?" என்றான். "சொல்லியிருந்தா நான் ஏன் இந்த வெயில்ல வாரேன்?" என்றேன். கடலைப் பற்றிய எதையும் உன் அப்பா என்னிடம் சொன்னதில்லை. சாத்தான்குளத்துச் செம்மணல் தேரிக்காட்டிலிருந்து வந்தவள், இவளுக்கு என்ன தெரியும் என்கிற நினைப்பு. ஒன்றிரண்டு தடவை கேட்டிருக்கிறேன், அவர் எழுந்து போய்விடுவார், நானும் விட்டுவிட்டேன்.

"மைனி, இது அப்பா போன வள்ளம்" என்றான் சித்தப்பா. உன் தாத்தாவைத்தான் சொல்கிறான். அவர் தனியாகக் கடலுக்குப் போனதும், வள்ளம் மட்டும் வெறுமையாகக் கரை ஒதுங்கியதும் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் தெரியாதது இதுதான். "புது வள்ளம் எறக்கும்போது பழசுல உள்ள ஒரு பலகையோ ஆணியோ எடுத்து அடிக்கது நம்ம வழக்கம். ஆனா இது ஆள வாங்கிட்டு வந்த வள்ளம்லா? இதுல உள்ள ஒண்ணும் புதுசுக்குப் போகக் கூடாது. வீட்டுக்குள்ளயும் வைக்கக் கூடாது. வள்ளத்தப் பிரிச்சி வெறகாக்கிட்டோம், இந்தத் தகட்ட மட்டும் தூரப் போட எனக்கு மனசு வரல. அப்போதான் அண்ணன் சொன்னாவ, 'ஏலே, என் வண்டி எத்தன தடவ நடுவழில நின்னுருக்கு, ஒரு தடவையாவது வீடு வந்து சேராம இருந்துருக்கா? அதுல உள்ளத நீ எடுத்துக்கோ'ன்னு. அதுல உள்ள தகட்டக் கொண்டாந்து இங்கன அடிச்சாவ. இத அங்கன கொண்டு போயிட்டாவ."

வா என்று கூப்பிட்டு வள்ளத்தின் முன்பக்கம், அணியத்துக்குள் குனிந்து காட்டினான். மூடியைத் தூக்கியதும் மரக்கட்டையில் அடித்து வைத்த தகடு தெரிந்தது. கிரீஸ் பூசி வைத்திருந்தான். துணியால் துடைத்ததும் வண்டிக் கம்பெனியின் பெயர், நம்பர், எல்லாம் பளிச்சென்று இருந்தது. நம் வீட்டில் உள்ள எந்த இரும்பும் அவ்வளவு சுத்தமாக இல்லை. அந்தத் தகடு அடித்த பிறகு எத்தனை காற்றில் மாட்டியும் வள்ளம் வீடு வந்து சேர்ந்திருக்கிறது என்று சித்தப்பா சொன்னான். அவன் மாதாவையும் நம்புகிறான், இதையும் நம்புகிறான், இரண்டுக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறான். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். உன் கல்யாணம், வீடு, கோயம்புத்தூர்க்காரர், எல்லாம். அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "அண்ணன் வண்டில உள்ளதுதானே, நீங்க கேட்டா தராம இருப்பேனா" என்று சொல்லி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். எடுத்தவன் அதைத் தகட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பின்னால் அவன் மகன் வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டான். அந்தப் பையன் மறுநாள் விடியற்காலையில் அந்த வள்ளத்தில்தான் கடலுக்குப் போக வேண்டும். "விடு தம்பி, வேண்டாம்" என்றேன். என்னால் வேறு என்ன சொல்ல முடியும்? ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோ வரை கூடவே வந்தான் சித்தப்பா. "அப்பாவுக்குக் கல்லற இல்ல மைனி. அண்ணனுக்கு வண்டில அடிச்ச அந்தத் தகடுதான் கல்லற" என்றான். அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாள் அன்று ஊரே மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைக்குப் போகும். உன் அப்பா எங்களோடு வருவார், என் மாமியார் கல்லறையில் ஜெபம் சொல்லுவார், பிறகு வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஷெட்டுக்குப் போய்ப் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்பார். வண்டி ஓடாமல் போன வருஷங்களிலும் நின்றார். நான் அடுக்களையிலிருந்து, "நல்ல நாளும் அதுவுமா இன்னிக்கும் அந்த எழவெடுத்த வண்டிதானா?" என்று கத்துவேன். "ஆயில் பாக்கேன்" என்பார். ஓடாத வண்டியில் என்ன ஆயில் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை பார். ஆட்டோவில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன், டிரைவர் பாவம், உடம்புக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அன்று சாயந்திரம் உனக்குப் போன் செய்தேன். இதையெல்லாம் சொல்லத்தான் செய்தேன். தகடு சித்தப்பா வள்ளத்தில் இருக்கிறது, எடுக்க முடியாது, படம் அனுப்புகிறேன், உள்ளதை உள்ளபடி அந்தக் கோயம்புத்தூர்க்காரரிடம் சொல்லு, சந்தேகம் இருந்தால் திரேஸ்புரம் வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஆரம்பித்தேன். நீ சிரித்தாய். "வள்ளத்துல இருக்குன்னு சொன்னா அந்தாளு சிரிப்பாம்மா. நம்ம நம்பர்தானே? அதே நம்பர அதே மாதிரித் தகட்டுல அடிச்சி வச்சா அதுல என்னம்மா பொய் இருக்கு? ஒர்க்‌ஷாப்ல பேசிக்கிடுதேன், நீ ஒண்ணும் யோசிக்காத" என்றாய். தாத்தா பெயரை நான் எடுப்பதற்குள் லைன் போய்விட்டது. போனதா, நீ வைத்தாயா, எனக்குத் தெரியாது. கேட்க விருப்பமும் இல்லை.

அதில் என்ன பொய் இருக்கிறது என்று கேட்டாயே, அதையே இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் கேள்வி ஒன்றும் முட்டாள் கேள்வி இல்லை. நம்பர் உண்மை, வண்டி உண்மை, தகடு இருந்ததும் உண்மை. என் ஆபீஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அவுரி இலை ஏற்றிய ஒரு கன்டெய்னர், துறைமுகத்துக்கு வரும் வழியில் லாரி எங்கேயோ இடித்து, கதவில் போட்ட சீல் உடைந்துவிட்டது. உடைந்தால் உடைந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, புது நம்பரில் புது சீல் போடுவதுதான் முறை. ஏற்றுமதிக்காரருக்கு அவசரம், கேள்வி கேட்பார்கள் என்கிற பயம், அதே நம்பரைப் பொறித்து அதே மாதிரி ஒரு சீல் பூட்டி அனுப்பிவிட்டார். உள்ளே ஒரு இலை குறையவில்லை. ஆனால் வெளிநாட்டில் அதை வாங்கியவன் கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகு இவர் அனுப்பிய சரக்கில் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துக் கொட்டிப் பார்த்துத்தான் எடுத்தான், நல்ல சரக்கையும் அப்படித்தான் எடுத்தான். நாளைக்கு உன்னோடு குடும்பம் நடத்தப் போகிற பெண்ணையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உடைந்ததை உடைந்தது என்று சொல்லிவிட்டால் ஒரு நாள் முகச்சுளிப்போடு போய்விடும். சொல்லாமல் ஒட்டிவிட்டால், நீ உண்மையே பேசுகிற நாளிலும் அவள் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பாள். உன் அப்பா என்னிடம் சொல்லாமல் விட்டது எத்தனையோ உண்டு, ஆனால் ஒன்றைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. ஆயிலைத் தவிர.

இவ்வளவு நினைத்துக்கொண்டு, நீ அடுத்துப் போன் செய்யும்போது சொல்லலாம் என்று நான் காத்திருந்தேன். அதற்குள் நேம் பிளேட் கடை அண்ணாச்சி போன் செய்தார். "அம்மா, ஒங்க மவன் சொன்ன தகடு ரெடியா இருக்கு, வந்து வாங்கிக்கிடுதியளா?" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. நீ கப்பலில் இருந்துகொண்டே இன்டர்நெட்டில் படம் தேடி, அவருக்கு அனுப்பி, நம்பரும் கொடுத்து, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்திருக்கிறாய். போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் பார்க்க வேண்டும் போல இருந்தது. அண்ணாச்சி அதைக் காகிதத்திலிருந்து பிரித்து என் கையில் வைத்தார். என்ன வேலைப்பாடு! எழுத்தின் வளைவு, ஓரத்தில் ஓட்டை, எல்லாம் சித்தப்பா வள்ளத்தில் பார்த்தது போலவே. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உப்புத்தண்ணில ஊறப் போட்டு, ஆசிட் காட்டி, ஓரத்த லேசா நசுக்கிருக்கேன்மா. பாத்தா ஒங்க வீட்டுக்காரர் காலத்துலேர்ந்து அங்கனயே கெடந்த மாதிரி இருக்கும்" என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, கேட்டதைச் செய்து கொடுத்தார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். வெறும் புதுத் தகடு என்றால்கூட எனக்குப் பொறுத்திருக்கும், மகனே. பழையதாக ஆக்கித் தரச் சொல்லியிருக்கிறாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்னை வளர்த்ததில் எங்கே விட்டேன் என்று இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இதை எழுதி முடிப்பதற்குள் பல தடவை கிழித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். கல்யாணம் வைத்திருக்கிற பிள்ளையிடம் இப்படி எழுதலாமா என்று தோன்றியது. ஆனால் யோசித்துப் பார், நீ என்னிடம் கேட்டபோது உனக்கு அது வெறும் தகடு. அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, எனக்கே தெரியாது. தெரியாமல் கேட்டதற்கு நான் கோபப்பட மாட்டேன். இப்போது உனக்குத் தெரியும். தெரிந்த பிறகு நீ செய்வதுதான் கணக்கு. வண்டியை வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. விற்றுவிடு, எனக்கும் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும். தகடு இப்படி ஆனது என்று உண்மையைச் சொல்லி விற்றால், விலை கொஞ்சம் இறங்கும். தாத்தாவின் தகட்டை எடுத்துக் கல்லறைத் தோட்டத்தில் பாட்டி பக்கத்தில் பதிக்க வேண்டும் என்றாலும் எனக்குச் சம்மதம், சித்தப்பாவிடம் நான் பேசுகிறேன். இல்லை, இந்தப் புதுத் தகட்டைத்தான் வைக்க வேண்டும் என்றால் அதையும் தடுக்கும் தெம்பு எனக்கு இல்லை. கோயம்புத்தூர்க்காரர் என்னைக் கேட்டால் மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லுவேன். அவர் கேட்காவிட்டால் நானாகப் போய் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், தாய் என்றால் அவ்வளவுதான்.

அண்ணாச்சி கொடுத்ததை டிரைவர் சீட்டில் வைத்திருக்கிறேன். டிரில்லிங் மெஷின் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. தாத்தாவின் தகட்டுக்கு உன் அப்பா ஸ்க்ரூ போடவில்லை, ரிவெட் அடித்திருக்கிறார், துளைத்துத்தான் எடுக்க முடியும். ஒர்க்‌ஷாப் ஆளை விட்டுச் செய்யாதே, நீயே செய். நான் சுரண்டியதில் தாத்தாவின் தகடு நன்றாகவே தெரிகிறது, வாசித்துவிட்டுச் செய். நீ வந்து இறங்கிய மறுநாள் காலையில் நான் பூசைக்குப் போய்விடுவேன், பூசை முடிந்தும் அவசரமில்லாமல்தான் வருவேன், ஷெட்டு உனக்குத் திறந்திருக்கும். திரும்பி வந்ததும் காப்பி போடுவேன், கல்யாண வேலையைப் பேசுவோம், யாரை எந்த வண்டியில் கூட்டிப் போவது என்று பேசுவோம். பானெட்டை மட்டும் நான் தூக்கிப் பார்க்க மாட்டேன். உன்னிடம் கேட்கவும் மாட்டேன். நான் பெற்ற பிள்ளை எப்படிப்பட்டவன் என்று இந்த வயசில் தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அம்மா